‘கட்’டுக்கும் லைட் அணைவதற்கும் நடுவே

டைரக்டர் ‘கட்’ என்று கத்துவதற்கும் லைட்டை அணைப்பதற்கும் நடுவே ஒரு பத்து விநாடி இருக்கும். சினிமா ஸ்டில் போட்டோகிராபரின் பிழைப்பு முழுக்க அந்தப் பத்து விநாடிதான்.

அதற்குள் நான் ‘ஸ்டில்!’ என்று கத்த வேண்டும். நடிகர்கள் நின்ற இடத்திலேயே, அதே முகத்தோடு இன்னொரு முறை எனக்காக நிற்க வேண்டும். போஸ்டரில் நீங்கள் பார்த்ததெல்லாம் அப்படி எடுத்ததுதான். ஆனால் அந்த நேரத்தில் கதாநாயகனுக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும், லைட்மேனுக்குப் பீடி ஞாபகம் வரும், டைரக்டர் அடுத்த ஷாட்டுக்குப் போயிருப்பார். எல்லோரும் என்னை இடித்துக்கொண்டு போவார்கள். மறுநாள், “ஏன்யா அந்த சீன்ல ஸ்டில் இல்ல?” என்று கேட்பவர்களும் அவர்களேதான்.

நான் திண்டுக்கல் பேகம்பூர்க்காரன். அப்பாவை அத்தா என்போம்; அத்தாவுக்குத் தோல் வியாபாரம். அந்த வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாமல் மெட்ராஸுக்கு ஓடிப்போய், ஒரு ஸ்டில் போட்டோகிராபரிடம் ஐந்து வருஷம் பை தூக்கினேன். பிறகு ஊருக்கே திரும்பி ஸ்டூடியோ போட்டேன். இந்தப் பக்கம் ஷூட்டிங் வருகிற யூனிட்டுகளுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து ரூம் போடுவதைவிட என்னைக் கூப்பிடுவது சுலபம். பிலிம் ரோல் காலம் முடிகிறவரை இருபத்திரண்டு வருஷம் அப்படி ஓடியது. யூனிட்டில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘பாய்’ என்றால் நான்.

இப்போது அந்தப் பழைய ஷூட்டிங் படங்களைக் கேட்டு ஸ்டூடியோவுக்கு ஆட்கள் வருகிறார்கள். “ஹீரோ, ஹீரோயின் கூடவே இருந்திருக்கீங்க, ஜாலியா இருந்திருக்கும்ல?” என்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தி நடுவே கேமராவோடு நின்று ‘செத்த நிமிருங்கண்ணே’ என்று கெஞ்சி, நிமிர்ந்த முகத்தில் சாம்பாரைப் பார்த்தவர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இன்னொரு தடவை அழுங்கம்மா

சின்னாளபட்டியில் ஒரு நெசவாளர் வீட்டு முற்றத்தில் ஷூட்டிங். சாயம் போட்ட சுங்குடிச் சேலைகள் கொடியில் காய்கின்றன. நடுவே கதாநாயகி நின்று, காதலன் போன திசையைப் பார்த்து அழ வேண்டும். கிளிசரின் கண்ணில் கொஞ்சம் கூடுதலாகவே பட்டுவிட்டது. நிஜமாகவே எரிந்து, பிரமாதமாக அழுதார். ‘கட்’ சொன்னதும் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிவிட்டார். நான் ‘ஸ்டில்!’ என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை.

முகம் கழுவிக்கொண்டிருந்தவர் முன்னால் கேமராவோடு போய் நின்று, “அம்மா, செத்த நேரம் மறுபடி அழுதீங்கன்னா நாலு படம் எடுத்துக்கிருவேன்” என்றேன். அவர் சிவந்த கண்ணால் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாய வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த வீட்டுக்கார அம்மாதான் நின்று, வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அந்தப் புள்ள அழுது முடிச்சு இப்பத்தேன் மூஞ்சி கழுவுது. வேணும்னா நீங்க செத்த அழுங்க பாய், நான் படம் புடிக்கேன்.”

அய்யலூர் ஆடு

ஸ்டில் எடுப்பவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு, கண்டினியூட்டி. இன்று பாதி எடுத்த காட்சியின் மீதியை அடுத்த வாரம் எடுப்பார்கள். அன்றைக்கு யார் எந்தச் சட்டை, பொட்டு எவ்வளவு பெரியது, கட்டு எந்தக் கையில் என்பதற்கெல்லாம் என் படம்தான் சாட்சி. படத்தைப் பார்த்து அதே மாதிரி மறுபடி ஜோடிப்பார்கள்.

கதாநாயகன் தான் வளர்த்த ஆட்டைக் கட்டிப்பிடித்து அழுகிற காட்சி ஒன்று. அய்யலூர் சந்தையில் வாங்கிய கிடாய். உடம்பு வெள்ளை, இடது கண்ணைச் சுற்றி மட்டும் ஒரு பழுப்பு வட்டம். பாதி எடுத்ததும் மழை வந்து ஷூட்டிங் நின்றுபோனது. ஒரு வாரம் கழித்து மீதியை எடுக்க உட்கார்ந்தபோது ஆட்டைக் காணோம். அசிஸ்டென்ட் டைரக்டர் தேடித் தேடிச் சமையல்காரரிடம் போய் நின்றார். “ஆட்டு சீன் முடிஞ்சிருச்சுன்னு சொன்னாகளே” என்றார் சமையல்காரர். இரண்டு நாளைக்கு முன் மத்தியானம் யூனிட் மொத்தமும் பிரியாணி சாப்பிட்டிருந்தது. கதாநாயகன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும்தான்.

கண்டினியூட்டி படத்தை எடுத்துக்கொண்டு நானும் அசிஸ்டென்ட் டைரக்டரும் சந்தைக்குப் போனோம். ஆயிரம் ஆட்டுக்கு நடுவே, காணாமல் போன பிள்ளையைத் தேடுகிறவர்கள் மாதிரி போட்டோவை நீட்டி நீட்டிக் கேட்டோம். எங்களுக்கு ஆடு விற்ற வியாபாரி படத்தை வாங்கி, ஆட்டையும் அதைக் கட்டிக்கொண்டு அழும் கதாநாயகனையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒரு முழு வெள்ளைக் கிடாயின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து எங்களிடம் நீட்டினார். “இதப் புடிச்சுட்டுப் போயி கண்ணுல மையத் தடவுங்க அப்பு. உங்க ஹீரோவுக்கே டூப்பு போடுறீக, ஆட்டுக்குப் போட்டா ஆடு என்ன கோவிச்சுக்கவா போகுது?”

நல்ல மனுசனாத் தெரியணும்

தாடிக்கொம்புப் பக்கம் ஒரு படம் எடுத்தபோது, அதில் வில்லனாக நடித்தவர் ஒரு மத்தியானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். திரையில் அவர் செய்யாத அக்கிரமம் கிடையாது. நேரில் எறும்பு ஊறினால்கூட ஒதுங்கி நிற்பார்.

“பாய், பெரிய பொண்ணுக்கு ஒட்டன்சத்திரத்துல ஒரு வரன் வந்திருக்கு. ஜாதகம் பொருந்திருச்சு. பையனோட அம்மாதான் என் படம் ஏதோ பாத்திருக்காங்க. ‘இவரு வீட்டுலயா பொண்ணு எடுக்கறது’ன்னு யோசிக்கிறாங்களாம். இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் இப்படித்தான் போச்சு” என்றார். “நான் நல்ல மனுசனாத் தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க.”

வெள்ளை வேட்டி கட்டி, கோயில் மதிலோரம் நிறுத்தி, ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். சிரிக்கச் சொன்னால், யாரையோ கிணற்றில் தள்ளிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது. கைகூப்பச் சொன்னால் ஓட்டுக் கேட்டு மிரட்டுவது மாதிரி இருந்தது. பாவம், இருபது வருஷப் பழக்கம். முகம் அதன் பாட்டுக்கு அந்தப் பக்கமே போனது. கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவரே சோர்ந்து போனார்.

மறுநாள் காலை அவர் கதாநாயகியை முடியைப் பிடித்து இழுத்து அறைகிற காட்சி. அது முடிந்ததும், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பூக்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக அவரிடம் வந்துவிட்டார். “ஏய்யா, நீயும் பொம்பளப்புள்ள பெத்தவன்தானே? அடுத்தவ புள்ளையப் போட்டு இந்த அடி அடிக்கிறியே, கை வெளங்குமா?” என்று பிடித்துக்கொண்டார். நடிப்பு என்று சொல்ல இரண்டு பேர் ஓடினார்கள். அண்ணாச்சி கையை ஆட்டி அவர்களை நிறுத்திவிட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஐந்து நிமிஷம் முழுக்கத் திட்டு வாங்கினார். நான் மூன்று படம் எடுத்தேன். அதில் ஒன்றைத்தான் ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்பினார்.

இரண்டு மாசம் கழித்துக் கல்யாணப் பத்திரிகையோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். சம்பந்தியம்மா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னதை அந்த அம்மா குரலிலேயே சொல்லிக் காட்டினார். அது மட்டும் அவருக்கு அருமையாக நடிக்க வந்தது: “திட்டுனா வாங்கிக்கறவருங்க போல. அது போதுமுங்க.”

கட்டு எந்தக் கையில்

மாரி என்று ஒருவர். மதுரைப் பக்கத்து ஆள், கதாநாயகனுக்கு டூப். ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி முடி. வண்டியிலிருந்து குதிப்பது, தீயில் ஓடுவது எல்லாம் அவர். முகம் தெரியாமல் விழுவதுதான் அவருடைய தொழில். அவரையும் கதாநாயகனையும் சேர்த்துப் படம் எடுக்கக் கூடாது என்று எனக்கு முதல் நாளே உத்தரவு.

குஜிலியம்பாறைப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாயில் மாட்டுவண்டித் துரத்தல். மூன்றாவது டேக்கில் சக்கரம் கல்லில் ஏறி வண்டி கவிழ்ந்தது. மாரி பத்தடி தள்ளி விழுந்தார். விழும்போது முகம் என் பக்கம் திரும்பிவிட்டது. என் விரல் பாட்டுக்கு அமுக்கிவிட்டது. பிறகுதான் ஓடிப் போய்ப் பார்த்தோம். வலது கை மணிக்கட்டு திரும்பிக் கிடந்தது. வேனில் தூக்கிப் போட்டுத் திண்டுக்கல்லுக்கு அனுப்பினார்கள்.

சாயங்காலம் மெட்ராஸில் உள்ள படக் கம்பெனியிலிருந்து போன். ‘டூப் போடாமல் நடித்த கதாநாயகன் படுகாயம்’ என்று செய்தி கொடுக்கப் போகிறார்களாம். அதற்குக் கட்டோடு ஒரு படம் வேண்டுமாம். மேக்கப்மேன் கட்டுத்துணியில் சிவப்புச் சாயம் வைத்துக்கொண்டு, “எந்தக் கைண்ணே?” என்று கதாநாயகனைக் கேட்டார். “லெஃப்ட்லயே போடுய்யா. ரைட்டுல கட்டுனா சாப்பிடுறது எப்படி?” என்றார் அவர். அவரும் மோசமானவர் இல்லை, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘கொஞ்சம் வலிக்கிற மாதிரி பாருங்க சார்’ என்று வேறு சொன்னேன்.

கண்மாயில் எடுத்த நெகட்டிவை மறுநாள் காலையில் மேனேஜர் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குள் மாரி விழுந்த படத்தில் ஒரு பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து, நாலு சாத்துக்குடியோடு அதையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு மாரி உட்கார்ந்திருந்தார். துணைக்கு யாரும் இல்லை. “உங்க முகம் தெரியுற மாதிரி ஒரு படம் அமைஞ்சு போச்சு, வச்சுக்கங்க” என்று கொடுத்தேன். இடது கையால் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து அன்றைய பேப்பரை எடுத்து விரித்தார். நான் எடுத்த இன்னொரு படம், கட்டும் சோகமுமாக, முதல் பக்கத்தில். இரண்டையும் மெத்தையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். எனக்குக் கிளம்பிவிடலாம் போல இருந்தது. அவர் குரலில் கோபமே இல்லை. வேலையில் கூட இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரிதான் கேட்டார்: “ஏண்ணே, எனக்கு வலது கை, அவருக்கு இடது கை. இம்புட்டுப் பெரிய கண்டினியூட்டி தப்ப அம்புட்டுப் பேர்ல ஒருத்தருகூடவா பாக்கல?”

பெருமாள் வீட்டுப் படம்

கதையில் செத்துப் போன அப்பா என்று ஒருவர் இருந்தால், சுவரில் மாலை போட்டு ஒரு போட்டோ தொங்க வேண்டும். அதற்கு நடிகர்களைக் கேட்டால் ஆளைக் காணோம். மாலை என்றதும் ஓடிவிடுவார்கள். ஒருமுறை ஷூட்டிங்குக்கு வீடு கொடுத்திருந்த பெருமாள் என்ற விவசாயச் சம்சாரி தானாகவே முன்வந்தார். ஐம்பது வயசு, நல்ல களையான முகம். “எம் மூஞ்சி சினிமாவுல வருமா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டார். புதுச்சட்டை போட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார், எடுத்தேன். மறுநாள் காலை அவர் வீட்டுக் கூடத்திலேயே, மாலையும் குங்குமமும் எரிகிற விளக்குமாக அவர் படம் தொங்கியது.

அவர் சம்சாரம் செல்லத்தாயி, மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போய்ப் பத்து நாளாகியிருந்தது. வீட்டில் சினிமா எடுக்கிறார்கள் என்று தெரியும், மாலை போட்ட போட்டோவைப் பற்றித் தெரியாது. சொல்லாமல் கொள்ளாமல் அன்று காலை மினிபஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். வாசலில் கூட்டம், உள்ளே பெண்களின் ஒப்பாரி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தவர் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த பை விழுந்தது. அழுதுகொண்டிருந்த துணை நடிகைகளுக்கு நடுவே அப்படியே விழுந்து, தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அலறினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. யாரோ புதிதாக வந்த நடிகை என்று நாங்கள் நினைத்தோம். டைரக்டர் ‘கட்’ சொல்லவில்லை. நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன், ‘கட்’ சொன்னதும் எடுக்கலாம் என்று.

கொல்லைப்புறப் பந்தலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெருமாளுக்குத்தான் அந்தக் குரல் தெரிந்தது. எச்சில் கையோடு ஓடிவந்தார். “ஏத்தா, நான் இருக்கேன்த்தா, இங்க பாரு” என்று குனிந்தார். செல்லத்தாயி அவர் கன்னத்தை, நெஞ்சை, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு பளீரென்று ஒரு அறை விட்டார். அதற்கப்புறம்தான் அவருக்கு மூச்சு சீரானது. லைட்மேன் போய் லைட்டை அணைத்தார்.

டைரக்டருக்கு மட்டும் அந்த ஷாட்டை விட மனசில்லை. தயங்கித் தயங்கி, “அம்மா, மன்னிச்சுக்கங்க. ஆனா இந்த மாதிரி அழுகைய எந்த நடிகையும் அழ முடியாது. இத மட்டும் படத்துல வச்சுக்கட்டுமா?” என்றார். செல்லத்தாயி எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுவரிலிருந்து படத்தை இறக்கினார். மாலையைக் கழற்றி மூலையில் எறிந்தார். குங்குமத்தை விரலால் துடைத்தார். படத்தை மட்டும் மார்போடு வைத்துக்கொண்டு, என்னையும் கேமராவையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்: “படம் நல்லாருக்கு, இத நான் வச்சுக்கிறேன். நான் அழுததத் தர மாட்டேன்.”

அடுத்த ஆள்

செல்லத்தாயி அழுத பிலிம் ரோலை டைரக்டர் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். படத்தில் அது வரவில்லை. ஆனால் செத்துப்போன அப்பாவுக்கு மறுபடி ஒரு முகம் வேண்டும். மெட்ராஸிலிருந்து ஆள் வர நாளாகும். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், கடைசியில் என் முகத்தில் வந்து நின்றார்கள். காலையில் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோன உறுத்தல் எனக்கு இருந்தது. சரி என்றேன். கேமரா அசிஸ்டென்ட் எடுத்தார். எனக்கு லென்ஸுக்கு எதிர்ப்பக்கம் நின்று பழக்கமில்லை. கூச்சத்தில் சிரித்துவிட்டேன். நெற்றியில் விபூதி, கீழே குங்குமம், மேலே சாமந்தி மாலை. பேகம்பூரில் யாருக்கும் சொல்லவில்லை.

படம் வெளிவந்ததும் வீட்டுக்காரியை மட்டும் திண்டுக்கல்லில் மேட்னி ஷோவுக்குக் கூட்டிப்போனேன். சுவரில் என் முகம் வந்தது. கதாநாயகன் அதற்கு முன்னால் மண்டியிட்டு “அப்பா, போயிட்டியேப்பா!” என்று கதறினார். தியேட்டரில் நாலா பக்கமும் மூக்குறிஞ்சும் சத்தம். என் பக்கத்துச் சீட்டும் குலுங்கியது. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்: “கல்யாண போட்டோவுலகூட நீங்க இம்புட்டு நல்லாச் சிரிக்கலங்க.”

இருபத்திரண்டு வருஷம் அத்தனை நடிகர்களின் முகத்தையும் துரத்தித் துரத்தி எடுத்த எனக்கு, சினிமாவில் கிடைத்த ஒரே வேடம் செத்துப்போனவர் வேடம். அதிலும் சிரித்துக் கெடுத்துவிட்டேன்.